மூக்குத்தியும் மாப்பிள்ளையும்

செப்டம்பர் 3, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல மயிலாத்தா எழுதுகிறாள். நான் கைநாட்டு. அவள் எட்டாவது பாஸ், கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வீட்டில் படிக்கிற வேலை எல்லாம் அவளுடையது. இந்த டைரி தை மாதம் உரக்கடையில் சும்மா கொடுத்தது. எட்டு மாதமாக இதன் மேல் ரசச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எழுதுகிற அவசியம் இன்று காலையில்தான் வந்தது. காரவழிப்பாளையம் நகராட்சிப் பூங்காவில் நிற்கிற விமானத்தின் மூக்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வாக்கிங் வந்த ஒருத்தர் படித்துச் சொன்னார். பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்குகிறார்களாம், பூங்கா போகிறதாம். "பயனற்ற விமானம் ஒன்று" இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பழைய இரும்பாக ஏலமாம். அதில் இரும்பு எங்கே இருக்கிறது, உடம்பு பூராவும் அலுமினியம். அதுகூடத் தெரியாதவன் கையில் பசை டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள்.

அது நேட் என்கிற சின்ன சண்டை விமானம். கொசு மாதிரி இருக்கும், ஏணி போடாமல் தரையில் நின்றே எல்லா வேலையும் பார்க்கலாம். ஊருக்கு வெளியே இருந்த விமானப் பழுதுத் தளத்தில் முப்பத்தெட்டு வருஷம் நான் கூலி ஆள். தள்ளுவது, கழுவுவது, பெயிண்ட் அடிப்பது. ரிட்டயர் ஆகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னமும் வெள்ளிக்கிழமை தோறும் வாளியோடு பூங்காவுக்குப் போய் அதைக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன்.

அந்த விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். என்னையும், என்கூடத் தளத்தில் வேலை பார்த்த சூசையையும் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் விமானம் பிழைத்துக்கொள்ளும். எனக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பென்ஷனை நிறுத்தலாம், போலீஸ் வரலாம். அதனால்தான் டைரி. என் ஞாபகத்தைப் போலீஸ்காரன் நம்பமாட்டான், காகிதத்தை நம்புவான்.

"அப்படி என்னங்க தெரியும்?" என்றாள் மயிலா. பேனாவை மூடு என்றேன்.

(மூடவில்லை. — ம.)

செப்டம்பர் 4, திங்கள்

நகராட்சியில் மனு நாள். விமானத்தை வெட்ட வேண்டாம் என்று மயிலா முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். வாங்கின பையன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் படித்தான்.

"பெரியவரே, கம்ப்யூட்டர்ல விமானம்னு தலைப்பே இல்லீங்க. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, இதர. எதுல போடட்டும்?"

"பறக்கறது சாக்கடையிலயா வரும்?"

"அப்ப இதரல போட்டுடறனுங்க."

சீட்டு கொடுத்தான். பத்திரமாக அரிசி டப்பாவில் இருக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

பல் வலி. சிலிண்டரும் வரவில்லை. வெந்தும் வேகாத சாதத்தை வலது பக்கமாகவே மென்றேன்.

செப்டம்பர் 7, வியாழன்

கடைவீதியில் பல் டாக்டரம்மா தில்ஷாத்திடம் போனேன். ஐம்பது வயதிருக்கும், கொஞ்சம் அதட்டல் பேர்வழி. நாற்காலியில் மல்லாத்திப் படுக்கப் போட்டு வாயைத் திற என்றார். திறந்தபடி மேலே பார்த்தால், கூரை முழுக்கப் பிளாஸ்டிக் விமானங்கள் நூலில் தொங்குகின்றன. நேர் என் கண்ணுக்கு மேலே ஒரு நேட். அதன் சக்கரங்கள் முன்பின்னாக மாறிப்போய் ஒட்டியிருந்தன. சொல்லலாம் என்றால் வாய்க்குள் இரண்டு கம்பியும் ஒரு கண்ணாடியும். பத்து நிமிஷம் அந்தத் தப்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது பல் வலியைவிடக் கொடுமை.

வாய் கொப்பளித்ததும் முதல் காரியமாக, "அம்மணி, அந்த ஏரோப்ளேன் காலைப் பின்னாடி திருப்பி ஒட்டியிருக்கறீங்" என்றேன்.

டாக்டரம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். வெளியே நாலு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், அவர் என்னிடம் தளத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிளினிக்கைப் பூட்டிவிட்டு பெங்களூர் ஏர் ஷோவுக்குப் போவாராம். வெயிலில் மூன்று நாள் அண்ணாந்து நின்று படம் எடுப்பாராம். இந்தியா முழுக்க அந்த மாதிரிக் கிறுக்குகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்களாம்.

"நம்ம பார்க்ல நிக்கறதை வெட்டப் போறாங்க, தெரியுங்களா?" என்றேன்.

"தெரியும் ஐயா. குழுவுல போட்டேன். யாரும் கண்டுக்கல."

பல்லை இன்னொரு நாள் பிடுங்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 8, வெள்ளி

வாளியோடு போனால் டாக்டரம்மா தொப்பி போட்டுக்கொண்டு, உலக்கை மாதிரி லென்ஸோடு எனக்கு முன்னாலேயே நிற்கிறார். இறக்கையில் காதலர்கள் கீறி வைத்த பெயர்களை நான் தேய்க்க, அவர் பேசினார்.

"இதே ரகத்துல சண்டைக்குப் போன ஒண்ணு நம்ம தளத்துல இருந்திருக்கு. எழுபத்தொண்ணுல எதிரி விமானத்தை வீழ்த்தினது. அதை எண்பத்தொண்ணுல வடக்கே மியூசியத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அது இங்க நின்னிருந்தா எவனும் கை வைக்க முடியாது, நான் ஒரு போன் போட்டா நூறு பேர் வந்து படுத்துருவாங்க. ஆனா நம்ம ஊருக்குக் கிடைச்சது இந்தச் சோம்பேறி. ரெக்கார்டுப்படி மொத்தமே நாலு தடவைதான் பறந்திருக்கு. இங்க வச்ச போர்டுல பறக்கவே பறக்காததுன்னே எழுதிட்டாங்க."

தொண்டை வரை வந்துவிட்டது. சோம்பேறியாம். துணியைப் பிழிந்த பிழியில் கிழிந்தே போனது.

"ஏன் ஐயா, ஏதாவது சொல்லணுமா?"

"சோப்புத் தண்ணி தீர்ந்து போச்சுங்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மயிலா, எழுது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, பல்லினால் மட்டும் இல்லை.

தளத்துக்கு வந்த ஒவ்வொரு விமானத்துக்கும் வாலில் நம்பர் உண்டு. ஆபீசர்களுக்கு அது போதும். தினமும் உடம்பைத் தடவித் துடைக்கிறவனுக்கு நம்பர் எதற்கு? நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

எழுபத்திரண்டு தை மாதம், சண்டை முடிந்த கையோடு ஒன்று வந்தது. மூக்குக்கு இடது பக்கம் ஒரு ஓட்டை, எலுமிச்சம்பழம் போகும். எதிரி விமானத்தைத் தள்ளிவிட்டு அந்த ஓட்டையோடு திரும்பி வந்தது அதுதான். ஃபிட்டர் சூசை ஓட்டையின் ஓரத்தை அரத்தால் வட்டமாக ராவி, மேலே ஒரு தகடு வைத்து, சுற்றி எட்டு ரிவெட் ஆணி அடித்தான். அவன் வெளியே அடிக்க, உள்ளே கையை விட்டு முட்டுக் கொடுத்துப் பிடித்தவன் நான். தூர இருந்து பார்த்தால் எட்டுக்கல் பேசரி போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே பெயர் வைத்துவிட்டோம், மூக்குத்தி.

பக்கத்துக் கொட்டகையில் இன்னொன்று. வந்த நாளிலிருந்து உடம்பு சுகமில்லை. இன்ஜினை முடுக்கினால் எண்ணெய் ஒழுகும், எண்ணெய் நின்றால் சக்கரம் மடங்காது. தினமும் துடைக்க வேண்டும், போர்த்த வேண்டும், வெயில் ஏறினால் நிழலுக்குத் தள்ள வேண்டும். வேலை மட்டும் கிடையாது. அதன் பெயர் மாப்பிள்ளை.

எண்பத்தொன்றில் இரண்டையும் ஓரம் கட்டினார்கள். மூக்குத்தி வடக்கே மியூசியத்துக்கு, மாப்பிள்ளை நம்ம ஊர்ப் பூங்காவுக்கு என்று உத்தரவு.

தளத்தில் ஆயுத பூஜை என்றால் கல்யாணம் மாதிரி. ஸ்பானருக்கெல்லாம் சந்தனம், விமானத்துக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய். முதல் நாள் எல்லாவற்றையும் கழுவிப் பெயிண்ட் அடிப்போம். அன்றைக்கு மட்டும் பெயிண்ட் டப்பாவோடு எவன் எங்கே நின்றாலும் ஆபீசர் ஏன் என்று கேட்கமாட்டார். பொரி எப்போது தருவீர்கள் என்றுதான் கேட்பார்.

அந்த நாளில்தான் செய்தோம். மூக்குத்தியின் நம்பரை மாப்பிள்ளை வாலில் அடித்தேன், மாப்பிள்ளையின் நம்பரை மூக்குத்தி வாலில் அடித்தேன். அச்சுத் தகடு இருந்தது, எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பைலட் உட்காருகிற இடத்தில் இருந்த நம்பர் தகடுகளை சூசை கழற்றி மாற்றினான். மாப்பிள்ளையின் மூக்கில் ஓட்டை இல்லாமலே ஒரு தகடு வைத்து எட்டு ரிவெட் அடித்தோம். மூக்குத்தியின் பேசரி மேல் பட்டி பூசித் தேய்த்து மறைத்துவிட்டோம். மறுநாள் பெரிய ஆபீசர் மாப்பிள்ளையின் முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்கும் சூசைக்கும் பொரி புரையேறிவிட்டது.

ஆக, வடக்கே கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பது மாப்பிள்ளை. நம்ம பூங்காவில் வெயிலில் நிற்பது மூக்குத்தி. சண்டைக்குப் போன அசல். அதைத்தான் இருபத்தொன்பதாம் தேதி வெட்டப் போகிறார்கள்.

ஏன் செய்தீர்கள் என்று மயிலா கேட்கிறாள். நம்ம ஆள் கை பட்டது நம்ம ஊரிலேயே இருக்கட்டும் என்றுதான். எழுது.

(எழுதிவிட்டேன். நம்பவில்லை. — ம.)

செப்டம்பர் 12, செவ்வாய்

சூசை போத்தனூரில் மகள் வீட்டில் இருக்கிறான். மயிலாவும் வருகிறேன் என்று கூட வந்தாள். இருவரில் ஒருத்தன் செத்தால்தான் மற்றவன் வாயைத் திறக்க வேண்டும் என்று அன்றைக்குப் பூசணிக்காய் மேல் சத்தியம் செய்திருந்தோம். அவன் எண்பத்தொரு வயதிலும் சாகிற மாதிரித் தெரியவில்லை. கேட்டுவிட்டுச் சொல்வதுதான் முறை.

சங்கடம் என்னவென்றால் அவனுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. நாற்பத்திரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை வாசலில் உட்கார்ந்து கத்த வேண்டியிருந்தது.

"டேய், நம்பர் மாத்துனதைச் சொல்லிரலாமாடா?"

"நம்பரா? என்ர போன் நம்பர் பழைய நம்பர்தான்."

"ஏரோப்ளேன் நம்பர். நாம திருட்டுத்தனமா மாத்துனமே, அது."

எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பொம்பளை அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது தரம் கத்தினபோது தெருவில் காய்கறி வண்டியும் நின்றுவிட்டது.

சூசைக்குப் புரிந்தது. வெட்டப் போகிற சேதியையும் கத்திச் சொன்னேன். 

"சொல்லித் தொலைடா. ஜெயிலுக்குப் போனா காது மெஷினுக்கு பேட்டரி அவங்களே போட்டுக் குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டு வெய்யி" என்றான். அப்புறம் மயிலா பக்கம் திரும்பினான். காது கேளாதவனுக்குக் குரல் அடங்காது. "ஏந் தங்கச்சி, உங்க அண்ணன் வாயை அடைக்கோணும்னுதானே இவன் இத்தனை கூத்தும் பண்ணுனான். உனக்குச் சொல்லவே இல்லையா?"

இதை எழுத வேண்டாம் என்றேன்.

(எழுதுகிறேன். எங்கள் அண்ணன் ராக்கியப்பன் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பொங்கல், தீபாவளி என்று ஒவ்வொரு நோம்பிக்கும் சொந்தபந்தம், உறம்பரை எல்லாம் கூடியிருக்கும்போது, "எங்க மச்சானுக்கு ஏரோப்ளேன்ல வேலைங்க, அதைக் குளிப்பாட்டித் தொடச்சு விடறாரு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பான். நானும் சிரித்திருக்கிறேன். — ம.)

சரி, எழுதினது எழுதியாயிற்று, மீதியையும் எழுது. ஓட்டையில் கைவிட்டுப் பிடித்த விமானத்தை மச்சானுக்குக் கண்ணில் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பூங்காவில் கொண்டுவந்து நிறுத்தின அன்றைக்கு அழைத்துக்கொண்டும் போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது, யாரிடமும் சொல்ல முடியாது என்று. மச்சான் போர்டைப் படித்தார். "பறக்கவே பறக்காததாமா மச்சான். உங்களுக்குத் தோதா ஒண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறாங்க" என்றார். தொண்ணூற்றொன்பதில் செத்தும் போனார். அதுவரைக்கும் எல்லா நோம்பிக்கும் அதைச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மயிலாவிடம் கோபமா என்று கேட்டேன்.

"சன்னலோரம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

செப்டம்பர் 13, புதன்

மத்தியானம் மயிலா தனியாகப் பூங்காப் பக்கம் போய் வந்திருக்கிறாள். எதற்கு என்றேன். முருங்கைக்காய் வாங்க என்றாள். கையில் முருங்கைக்காய் இல்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, முகமூடியைக் கழற்றினார்.

"ஐயா, இது கிரிமினல் வேலை."

"ஆமாங்."

"எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது."

கிளினிக்கைப் பாதியில் பூட்டிவிட்டுப் பூங்காவுக்கு வந்தோம். மூக்கில் சுரண்டினேன். ஒவ்வொரு சேர்மனும் பதவிக்கு வந்ததும் தன் கட்சிக் கலரில் ஒரு பூச்சு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறான். நாற்பத்திரண்டு வருஷ அரசியலைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அடியில் வெள்ளைப் பட்டி. அதற்கடியில் எட்டுக்கல் பேசரி, அப்படியே.

டாக்டரம்மா படம் எடுத்துக் குழுவில் போட்டார். குழுவில் மியூசியத்தின் ஆலோசகர் ஒருத்தர் இருக்கிறார், வரதாச்சாரி, ரிட்டயர்டு குரூப் கேப்டன். அவரிடமிருந்து இரண்டே நிமிஷத்தில் பதில். மியூசியத்து விமானத்தின் மூக்குப் படம். அதிலும் எட்டு ரிவெட். "இங்கேயும்தான் அதே தகடு இருக்கிறதே, உங்கள் ஆள் கதை நன்றாகச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாராம்.

நான் அடித்த ரிவெட் என்னையே பொய்யன் ஆக்கிவிட்டது. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

விடியற்காலையில் யோசனை வந்தது. டாக்டரம்மாவுக்கு மயிலா போன் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மணி, மாப்பிள்ளை மூக்குல தகடுதான் இருக்குது, பின்னால ஓட்டை கிடையாது. நம்மளுதுல தகட்டுக்குப் பின்னால ஓட்டை இருக்கோணும். அதுக்கும் பின்னால குண்டு பட்டு நசுங்கின சட்டமும் இருக்கோணும், நான்தான் சுத்தியல்ல நிமித்துனேன்."

"புரியுது. மேல அடைச்சிருக்கு, உள்ள சொத்தை இருக்கான்னு பார்க்கணும். அவ்வளவுதானே? தினமும் செய்யற வேலை."

வாய்க்குள் விடுகிற கண்ணாடி, குட்டி லைட், குட்டிக் கேமரா எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல சுடிதாரோடு விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்து, முன் சக்கரம் மடங்குகிற பொந்துக்குள் கையை விட்டார். குளவிக் கூடு இருந்தது, மயிலா சாம்பிராணி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் கூட்டம். ஏரோப்ளேனுக்குப் பேய் ஓட்டுகிறார்கள் என்று ஒருத்தன் வீடியோ எடுத்தான்.

"ஐயா," என்றார் அடியிலிருந்து. "வட்டமா இருக்கு. ஓரத்துல அரம் போட்ட கீறல் தெரியுது. பின்னால சட்டத்துல ஒரு வளைவு. சுத்தியல் அடி நாலு."

"அஞ்சு. ஒண்ணு என்ர விரல் மேல விழுந்துது" என்றேன்.

படத்தை வரதாச்சாரிக்கு அனுப்பி, உங்கள் விமானத்தின் உள்ளேயும் இதே மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 20, புதன்

பதில் இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கும்போது பார்த்தேன், மேலே தொங்குகிற நேட்டின் சக்கரங்களைச் சரியாக ஒட்டியிருந்தார்.

செப்டம்பர் 22, வெள்ளி

குரூப் கேப்டன் வரதாச்சாரி ஆளே நேரில் வந்துவிட்டார். வெள்ளை மீசை, முகம் பார்க்கலாம் போல ஷூ. எழுபது வயதுக்காரர் மறுபேச்சில்லாமல் அடியில் படுத்தார். டாக்டரம்மா கண்ணாடியைப் பிடித்தார். ஷூ இரண்டும் வெகு நேரம் அசையாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

"இங்க டீ கிடைக்குமா?" என்றார்.

கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார். "திங்கக்கிழமையே எங்களதுல ஒருத்தனை விட்டுப் பார்த்துட்டேன். உள்ள மொழுமொழுன்னு இருக்கு. ஓட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை." ஒரு வாய் குடித்தார். "பதினோரு வருஷமா அதுக்கு முன்னாடி நின்னு நான் சல்யூட் அடிச்சிண்டிருக்கேன்."

"மாப்பிள்ளைக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, டீ மூக்கில் ஏறிவிட்டது. அவர் பெயர்க் காரணம் கேட்டார். சொன்னேன். மீசை ஆடியது, ஆனால் சிரித்தார் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

"யார் பண்ணினது இது?"

"நான்தானுங்க."

"தனியாவா? ரிவெட் ஒரு ஆள் அடிக்க முடியாதேப்பா."

"நான் அடிப்பனுங்க."

(சூசை அண்ணன் பெயர் இதில் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதே என்றேன். ஜெயிலில் பேட்டரி கேட்டவன்தானே, இருக்கட்டும் என்றார். — ம.)

அப்புறம் வரதாச்சாரி விவரத்தைப் பிரித்து வைத்தார். "நான் இதை எழுத்துல கொடுத்தா, நாப்பத்திரண்டு வருஷமா மாலை போட்ட அத்தனை பெரிய மனுஷாளும் ஒரு ஓட்டை உடைசலுக்குப் போட்டாங்கன்னு ஆகும். விசாரணை வைப்பான். விசாரணை முடிய மூணு வருஷம், அதுக்குள்ள இதை வெட்டி உருக்கிருப்பாங்க. முதல்ல உங்க பென்ஷனைத்தான் நிறுத்துவான், ஏன்னா அதுதான் சுலபம்."

"எழுதலைன்னா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை ஏலம்."

"எழுதாம இதைக் காப்பாத்த முடியாதுங்களா சார்? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "யோசிக்கறேன்" என்று காரில் ஏறினார்.

செப்டம்பர் 25, திங்கள்

நகராட்சியில் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மயிலா படித்தாள். "தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, தங்கள் பகுதித் தெருவிளக்கு சரிசெய்யப்பட்டது." வெளியே போய்ப் பார்த்தேன். தெருவிளக்கும் எரியவில்லை.

செப்டம்பர் 27, புதன்

வரதாச்சாரி யோசித்துவிட்டார். நகராட்சிக்கு மியூசியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் உள்ள புகழ் பெற்ற போர் விமானத்துக்கு உதிரிபாகங்கள் தேவைப்படுகின்றன, உங்கள் பூங்காவில் அதே ரகத்தில் பயனற்ற விமானம் ஒன்று நிற்பதாக அறிகிறோம், அதை அப்படியே கொடுத்து உதவவும். சேர்மனுக்கு இடம் காலியானால் சரி. உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்து இதைச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு ஸ்பேர் பார்ட்ஸ், மூக்குத்தியா? ஆயுசு பூராவும் அவனைக் கழட்டித்தான் மத்ததுக்கு மாட்டுவோம். இப்ப இவளைக் கழட்டி அவனுக்கு மாட்டுவானுங்களா?"

"மாட்ட மாட்டாங்க ஐயா. பேப்பர்ல மட்டும்தான் உதிரிபாகம். முழுசா ஒரு ஷெட்டுக்குள்ள நிறுத்தி, பூட்டி, சாவியைத் தானே வச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார். மழை படாது, வெயில் படாது."

"யாரும் பாக்கவும் மாட்டாங்க."

"ஆமா" என்றார். பொய் சொல்லாத பொம்பளை.

ஒரு சிக்கல் பாக்கி. உதிரிபாகம் என்றால் என்னென்ன பாகம் என்று பட்டியல் வேண்டுமாம், விவரம் தெரிந்த ஒருத்தர் பார்த்துச் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டுமாம். அது இல்லாமல் லாரியில் ஏற்ற முடியாது, ஏற்றவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ஏலம். இந்தத் தளத்தில் வேலை பார்த்து, நடமாடுகிற நிலையில் இருப்பது நான் ஒருத்தன்.

வரமாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். மயிலா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"சாமானாப் போனாலும் முழுசாப் போகுதுங்க. வெட்டிட்டாங்கன்னா நாளைக்குச் சட்டி பானையா வரும். நானே அதுல ரசம் வைப்பேன், பரவாயில்லையா?"

செப்டம்பர் 28, வியாழன்

லாரியும் கிரேனும் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டன. நேட்டின் இறக்கை இரண்டு பக்கமும் ஒரே துண்டு, முதுகில் உட்கார்ந்திருக்கும். போல்ட்டு எங்கெங்கே இருக்கிறது என்று வந்த பசங்களுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காட்டினேன். இறக்கையைத் தூக்கினதும் அடியிலிருந்து இரண்டு மைனா கத்திக்கொண்டு பறந்தன. நாற்பத்திரண்டு வருஷத்தில் அதிலிருந்து பறந்த முதல் ஜீவன்.

வரதாச்சாரி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுற்றி வந்து சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினார்.

"இறக்கை, ஒண்ணு. வால், ஒண்ணு. சக்கரம் மூணு, காத்து இல்லீங்க. பீரங்கிக் குழல் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஐஸ்குச்சி இருக்குது. சீட்டு ஒண்ணு, எலி கடிச்சது."

"எலி கடிச்சதை எழுதணுமா?"

"பின்னால நான் கடிச்சேன்னு சொல்லிரக்கூடாது பாருங்க."

இப்படியே முப்பது அயிட்டம் ஆனது. பேனாவை மூடப் போனார்.

"அவ்வளவுதானே, நஞ்சப்பன்?"

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. ஓட்டை."

"ஓட்டையா? ஓட்டையை எப்படிப்பா சாமான் லிஸ்ட்ல எழுதறது?"

"உங்க விமானத்துல இல்லாத சாமான் அது ஒண்ணுதானுங்க சார்."

டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிரேன்காரன் மேலிருந்து சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தினான். வரதாச்சாரி என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் பேனா முனையைத் துடைத்தார். மற்றதெல்லாம் கிறுக்கினவர் இதை நிறுத்தி நிதானமாக எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாமல் விரல் வைக்கமாட்டேன் என்றேன். டாக்டரம்மா வாங்கிப் படித்தார்.

"முப்பத்தொண்ணு. குண்டுத் துளை, மூக்கின் இடப்பக்கம், தகடு போட்டு அடைத்தது. எண்ணிக்கை ஒன்று. அசல்."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். விரலை வைத்தேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

மயிலாவும் நானும் பூங்காவுக்குப் போனோம். வாளி எடுத்துக்கொள்ளவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பஸ் ஸ்டாண்டுக்கு நல்ல இடம்தான். நாலு பக்கமும் ரோடு.

அன்றைக்கு நோட்டீஸ் படித்துச் சொன்ன வாக்கிங்காரர் வந்தார். "இங்க நின்ன ஏரோப்ளேன் எங்கீங்க?" என்றார்.

வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டது என்று நான் சொல்வதற்குள் மயிலா முந்திக்கொண்டாள்.

"அது எழுபத்தொண்ணுல சண்டைக்குப் போயிட்டு வந்த விமானமுங்க. மூக்குல குண்டு பட்டு ஓட்டையோட வந்துது. இவருதான் உள்ள கையை விட்டுப் புடிச்சு அடைச்சாரு."

"ஏ மயிலா, பென்ஷன்" என்று முழங்கையால் இடித்தேன். அவள் நகரவே இல்லை.

அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்லீங்களே. பறக்கவே பறக்காததுன்னுதானே போர்டு போட்டிருந்துது" என்றார்.

"போர்டு எழுதுனவனுக்கு என்னங்க தெரியும்" என்றாள் மயிலா.